ஐந்து ஆண்டுகள் தொடாத கணக்கில் 4,528 ரூபாய் பாக்கி: பிடித்த கட்டணத்தைத் திரும்பக் கேட்க முடியுமா?

கேள்வி: தண்டையார்பேட்டைவாசி

வணக்கம். வங்கி நடைமுறையும் சட்டமும் அறிந்தவர்கள் இங்கே இருப்பதால், இரண்டு மாதங்களாக என்னை அலைக்கழிக்கும் ஒரு விஷயத்தை விவரமாகவே எழுதுகிறேன். சற்று நீண்டுவிட்டால் பொறுத்துக்கொள்ள வேண்டுகிறேன்.

2016 முதல் மணலியில் ஓர் ஒப்பந்த நிறுவனத்தில் கணக்கெழுதும் வேலை பார்த்தேன். சம்பளத்துக்காக அந்த நிறுவனமே திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் உள்ள ஒரு வங்கிக் கிளையில் எனக்குச் சேமிப்புக் கணக்கு தொடங்கிக் கொடுத்தது. 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்ததும் வேலை போய்விட்டது. அந்த மாதம் 6ஆம் தேதி ஏ.டி.எம்.மில் கடைசியாகப் பணம் எடுத்தபோது கணக்கில் 3,260 ரூபாய் இருந்தது. அதன்பிறகு நான் அந்தக் கணக்கைத் தொடவே இல்லை.

இப்போது எண்ணூரில் வேலை கிடைத்திருக்கிறது. புதிய நிறுவனமும் அதே வங்கியில்தான் சம்பளம் போடுகிறது. பழைய கணக்கைப் புதுப்பிக்க ஆதார், பான் நகல்களோடு சென்றேன். கவுன்டரில் இருந்தவர் கணினியைப் பார்த்துவிட்டு, கணக்கில் 4,528 ரூபாய் கழித்தல் இருப்பு இருப்பதாகவும், அதைக் கட்டினால்தான் மேற்கொண்டு எதுவும் செய்ய முடியும் என்றும் சொன்னார். ஸ்டேட்மென்ட் எடுத்துப் பார்த்தேன். 2020 ஜூன் 30 முதல் 2025 செப்டம்பர் 30 வரை, ஒவ்வொரு காலாண்டின் கடைசி நாளிலும் ‘குறைந்தபட்ச இருப்பு வைக்காததற்கான கட்டணம்’ என்று 300 ரூபாயும், அதன்மீது ஜி.எஸ்.டி. 54 ரூபாயுமாக 354 ரூபாய் பிடித்திருக்கிறார்கள். மொத்தம் 22 முறை. என் பணம் 3,260 ரூபாயும் போய், அதற்குமேல் நான் கடனாளியாகவும் நிற்கிறேன்.

இன்னொன்றும் உண்டு. பழைய வண்ணாரப்பேட்டையில் உள்ள வேறொரு வங்கியில், அப்பாவின் மருத்துவச் செலவுக்காக 2018 செப்டம்பரில் 1,20,000 ரூபாய் தனிநபர் கடன் வாங்கினேன். வட்டி 15 சதவீதம், தவணை மாதம் 4,160 ரூபாய், 36 தவணைகள். 2020 மார்ச் வரை பதினெட்டுத் தவணைகளைத் தவறாமல் கட்டினேன். அதன்பிறகு முடியவில்லை. அம்மாவின் வளையலை அடகு வைத்தும் கைமாற்று வாங்கியும் அவ்வப்போது 31,000 ரூபாய் வரை ரொக்கமாகக் கட்டினேன். கடைசியாகக் கட்டியது 2023 ஜனவரியில், 2,000 ரூபாய். இப்போது 1,36,000 ரூபாய்க்குமேல் கேட்கிறார்கள். கடன் கணக்கின் ஸ்டேட்மென்டில், தவணை திரும்பியதற்கான, அதாவது பணம் இல்லாமல் தவணையைப் பிடிக்க முடியாமல் போனதற்கான கட்டணமாக 590 ரூபாய் வீதம் 2020 ஏப்ரல் முதல் 2023 மே வரை மாதம் தவறாமல் 38 முறை எழுதியிருக்கிறார்கள். ‘தண்ட வட்டி’ என்று வேறு தனியாக இருக்கிறது.

கடனைக் கட்ட வேண்டும் என்பதில் எனக்கு மறுப்பு இல்லை. ஆனால் வாங்கியதற்கு மேலாக ஏறிக்கொண்டே போகும் இந்தக் கட்டணங்களைக் கேள்வி கேட்கும் உரிமை, தவணை தவறிய ஒருவருக்கு இருக்கிறதா? ஐந்து ஆண்டு பழைய பிடித்தத்தைத் திரும்பக் கேட்டால் கொடுப்பார்களா? 4,528 ரூபாயை முதலில் கட்டிவிட்டுப் பிறகு கேட்பதா, கேட்டுவிட்டுக் கட்டுவதா?

மறுமொழி 1: பெரம்பூர் பேரேடு

சகோதரி, நான் முப்பத்தோராண்டு வங்கிப் பணியில் இருந்து ஓய்வு பெற்றவன். அந்தப் பக்கத்துக் கிளைகளிலும் வேலை பார்த்திருக்கிறேன். முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன்: 4,528 ரூபாயை இப்போது கட்டாதீர்கள். கட்டிவிட்டுக் கேட்பதைவிட, கட்டுவதற்கு முன் கேட்பதே எளிது.

நீங்கள் இரண்டு பிரச்சினைகளையும் சேர்த்தே மனத்தில் வைத்திருக்கிறீர்கள். அவற்றைப் பிரித்துவிடுங்கள். வங்கிகள் வேறு, விதிகளும் வேறு. சேமிப்புக் கணக்கில் உங்கள் வழக்கு மிக வலுவானது. கடன் கணக்கில் ஒரு பகுதி வலுவானது, இன்னொரு பகுதியைப் பேசித்தான் தீர்க்க வேண்டும்.

சேமிப்புக் கணக்கைப் பார்ப்போம். வாடிக்கையாளர் தாமாக எந்தப் பரிவர்த்தனையும் செய்யாமல் இரண்டு ஆண்டுகளைக் கடந்துவிட்டால் அது செயலற்ற கணக்கு. செயலற்ற கணக்கில் குறைந்தபட்ச இருப்புக்காகத் தண்டக் கட்டணம் பிடிக்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2014 மே மாதமே சுற்றறிக்கை அனுப்பிவிட்டது. 2024 ஜனவரி 1இல் வெளியிட்டு அந்த ஆண்டு ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த திருத்திய அறிவுரையிலும் அது இருக்கிறது. அதே அறிவுரை, செயலற்ற கணக்கை மீண்டும் இயக்குவதற்குக் கட்டணம் வாங்கக் கூடாது என்றும், அந்தக் காலத்திலும் சேமிப்பு வட்டியை வரவு வைக்க வேண்டும் என்றும் சொல்கிறது.

உங்கள் கடைசிப் பரிவர்த்தனை 2020 மார்ச் 6. ஆகவே 2022 மார்ச் 6 தாண்டியதும் அது செயலற்ற கணக்கு. 2022 மார்ச் 31 முதல் 2025 செப்டம்பர் 30 வரை பிடித்தவை 15 கட்டணங்கள், 5,310 ரூபாய். இவற்றுக்கு வங்கியிடம் பதிலே இருக்க முடியாது. இதை மட்டும் திருப்பி எழுதினாலே, கழித்தல் 4,528 என்பது கூட்டல் 782 ஆகிவிடும். இடையில் வந்திருக்க வேண்டிய சிறு வட்டியை நான் கணக்கில் சேர்க்கவில்லை.

மீதி ஏழு கட்டணங்கள், அதாவது 2020 ஜூன் முதல் 2021 டிசம்பர் வரையிலான 2,478 ரூபாய். அப்போது கணக்கு செயலற்றதாகவில்லை. என்றாலும் அதற்கும் விதி உண்டு. 2014 நவம்பர் 20 தேதியிட்டு 2015 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த சுற்றறிக்கை அது. இருப்பு குறைந்ததும் வங்கி குறுஞ்செய்தி, மின்னஞ்சல் அல்லது கடிதம் மூலம் வாடிக்கையாளருக்குத் தெரிவிக்க வேண்டும். ஒரு மாதத்துக்குள் இருப்பைச் சரிசெய்யாவிட்டால்தான் கட்டணம். அந்தக் கட்டணமும் குறைவின் அளவுக்கு ஏற்ற விகிதத்தில் இருக்க வேண்டும். உங்கள் கணக்குக்குக் குறைந்தபட்ச இருப்பு 5,000 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். 2020 ஜூனில் உங்களுக்கு 1,740 ரூபாய் குறைவு. ஓராண்டு கழித்து 2021 ஜூனில் மூவாயிரத்துக்குமேல் குறைவு. கிட்டத்தட்ட இரண்டு மடங்கு வேறுபாடு இருந்தும் கட்டணம் மட்டும் மாறாமல் 354 ரூபாய் என்றால், விகிதம் எங்கே என்று கேளுங்கள். அறிவிப்பு அனுப்பியதற்கான பதிவையும் கேளுங்கள்.

எல்லாவற்றுக்கும் மேலாக அதே சுற்றறிக்கையில் ஒரு வரி இருக்கிறது: குறைந்தபட்ச இருப்புக் கட்டணம் பிடித்த ஒரே காரணத்தால் சேமிப்புக் கணக்கு கழித்தல் இருப்புக்குப் போகக் கூடாது. உங்கள் கணக்கில் வேறு எந்தப் பற்றும் இல்லை. ஆகவே 4,528 என்ற அந்த எண் இருக்கவே கூடாத எண்.

இன்னொன்று, அது சம்பளக் கணக்கு. சம்பளம் நின்றதும் வங்கி அதைச் சாதாரணச் சேமிப்புக் கணக்காக மாற்றியிருக்கும். அந்த மாற்றத்தை உங்களுக்கு எப்போது, எப்படித் தெரிவித்தார்கள் என்று கடிதத்தில் ஒரு கேள்வியாக எழுதுங்கள். நான் பார்த்தவரை இந்த இடத்தில்தான் வங்கிகள் தடுமாறும்.

‘கணினி தானாகப் பிடித்துவிட்டது, நாங்கள் ஒன்றும் செய்ய முடியாது’ என்று கவுன்டரில் சொல்வார்கள். அவர்களை நோக வேண்டாம். கட்டணம் தலைமையகத்தின் கணினியில் மொத்தமாகப் பிடிக்கப்படுவது உண்மை; கவுன்டர் ஊழியருக்கு அதைத் திருப்பும் அதிகாரமும் இல்லை. ஆனால் கிளை மேலாளருக்குக் குறிப்பிட்ட அளவு வரை உண்டு, அதற்குமேல் வட்டார அலுவலகத்துக்கு உண்டு. மேலாளர் வாய்ப்பேச்சை வைத்து மேலிடத்துக்கு எழுத முடியாது. எழுத்தில் ஒரு கடிதம் வந்தால்தான் அவரும் அதை இணைத்து அனுப்ப முடியும். அதனால் கடிதம் கொடுங்கள்.

2019-20 முதல் 2023-24 வரையிலான ஐந்து நிதியாண்டுகளில் பொதுத்துறை வங்கிகள் இந்த ஒரு வகைக் கட்டணத்தில் மட்டும் ஏறத்தாழ 8,500 கோடி ரூபாய் வசூலித்ததாக 2024இல் நாடாளுமன்றத்தில் அரசே தெரிவித்தது. இத்தனைக்கும் பாரத ஸ்டேட் வங்கி 2020 மார்ச்சிலேயே எல்லாச் சேமிப்புக் கணக்குகளுக்கும் இதைக் கைவிட்டுவிட்டது. இந்தப் பெருந்தொகை பணம் உள்ளவர்களிடம் இருந்து வந்ததல்ல. இருப்பு வைக்க முடியாதவரிடம், வைக்க முடியவில்லை என்பதற்காகவே பிடித்த பணம் அது. பணியில் இருந்தபோதே எனக்கு இது உறுத்தலாகத்தான் இருந்தது.

மறுமொழி 2: காசிமேட்டுக்காரன்

கட்டணத்தால் மட்டும் கணக்கு கழித்தல் இருப்புக்குப் போகக் கூடாது என்று பெரம்பூர் ஐயா சொன்ன அந்த விதியை வைத்துத்தான் நான் பணத்தைத் திரும்ப வாங்கினேன். என் அனுபவத்தைச் சொல்கிறேன், உதவியாக இருக்கும்.

நான் விசைப்படகில் தொழில் செய்பவன். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்துக்கு அரசு கொடுக்கும் நிவாரணம் என் பழைய கணக்கு ஒன்றுக்கு வந்துகொண்டிருந்தது. 2022இல் 5,000 ரூபாய் வரவானதாகக் குறுஞ்செய்தி வந்தது. எடுக்கப் போனால் 2,168 ரூபாய்தான் இருந்தது. முன்பே காலியாகிப் போயிருந்த கணக்கில் எட்டு முறை 354 ரூபாய் வீதம் 2,832 ரூபாயைக் கழித்தல் இருப்பாக எழுதி வைத்திருந்து, நிவாரணம் வந்த அன்றே அதை எடுத்துக்கொண்டார்கள். கடலுக்குப் போகாத அந்த இரண்டு மாதத்தில் வீட்டுக்கு அரிசி வாங்க வைத்திருந்த பணம் அது.

முதலில் நேரில் போய்க் கேட்டேன். மூன்று முறை அலைந்தேன். ஒரு முறை மேலாளர் இல்லை, ஒரு முறை சர்வர் இல்லை, ஒரு முறை ‘மேலே கேட்டுச் சொல்கிறோம்’ என்றார்கள். பிறகு எங்கள் தெருவில் ஒரு கல்லூரி மாணவி எழுதிக் கொடுத்த ஒரு பக்கக் கடிதத்தோடு போனேன். அதை வாங்கிக்கொண்டு சீல் போட்டுக் கொடுக்க மறுத்தார்கள். அப்படி மறுத்தால் சண்டை போட வேண்டியதில்லை. அஞ்சலகம் போய் விரைவு அஞ்சலில் கிளை மேலாளருக்கு அனுப்பிவிட்டு, ரசீதையும் பட்டுவாடா ஆன விவரத்தையும் பத்திரமாக வைத்துக்கொண்டேன். முப்பது நாள் வரை பதில் இல்லை. முப்பத்தொன்றாம் நாள் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்புத் தளத்தில் புகார் பதிவு செய்தோம். 14448 என்ற எண்ணில் தமிழிலேயே விவரம் சொன்னார்கள். பைசா செலவில்லை, வக்கீலும் தேவைப்படவில்லை.

புகார் எண் வந்த இரண்டாவது வாரமே வங்கியில் இருந்து அவர்களாகவே கூப்பிட்டார்கள். 2,832 ரூபாயும் கணக்குக்கு வந்தது. ‘புகாரை வாபஸ் வாங்கிக்கொள்ளுங்கள்’ என்று ஒரு தாளில் கையெழுத்துக் கேட்டார்கள். பணம் கணக்கில் ஏறியதைப் பாஸ்புக்கில் பதிந்து பார்த்த பிறகே கையெழுத்துப் போட்டேன். நீங்களும் அந்த வரிசையை மாற்ற வேண்டாம்.

மறுமொழி 3: உயர்நீதிமன்ற வாசல்

நான் வழக்கறிஞராகப் பாரிமுனையில் தொழில் செய்கிறேன். சட்ட உதவி வழக்குகளும் பார்க்கிறேன். மேலே உள்ள இருவரும் சொன்னது சரி. கடன் கணக்கைப் பற்றி யாரும் தொடவில்லை என்பதால் அதையே விரிவாக எழுதுகிறேன். அதற்கு முன் காலவரையறை பற்றிச் சொல்ல வேண்டும். இதைச் சொல்லாமல் விட்டால் மேலே உள்ள நல்ல யோசனைகள் வீணாகிவிடும்.

2021 நவம்பர் 12இல் தொடங்கிய ரிசர்வ் வங்கி ஒருங்கிணைந்த குறைதீர்ப்பாளர் திட்டத்தின்படி, முதலில் வங்கிக்கு எழுத்தில் புகார் கொடுத்திருக்க வேண்டும். வங்கி மறுத்தாலோ, திருப்தியான பதில் தராவிட்டாலோ, முப்பது நாளுக்குள் பதிலே தராவிட்டாலோதான் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். அந்த 2021ஆம் ஆண்டுத் திட்டப்படி, பதில் கிடைத்த நாளில் இருந்து ஓராண்டுக்குள் போக வேண்டும். பதிலே இல்லையென்றால் புகார் கொடுத்த நாளில் இருந்து ஓராண்டும் முப்பது நாளும் அவகாசம். அதோடு, வங்கிக்குக் கொடுத்த அந்த முதல் புகாரும் காலவரையறைச் சட்டம் 1963 அனுமதிக்கும் காலத்துக்குள் கொடுக்கப்பட்டிருக்க வேண்டும். அந்தக் காலம் பொதுவாக மூன்று ஆண்டு. ஆகவே 2020, 2021 பிடித்தங்களைக் ‘காலம் கடந்தது’ என்று வங்கி தட்டிக்கழிக்க முயலலாம். இதற்கு நான் சொல்லும் வழி இதுதான்: ‘2020இல் பிடித்த 354 ரூபாயைத் திருப்பித் தாருங்கள்’ என்று துண்டு துண்டாகக் கேட்காதீர்கள். ‘2025இல் என்னிடம் 4,528 ரூபாய் கேட்கிறீர்கள், இந்தக் கோரிக்கை விதிக்கு முரணானது, கணக்கைத் திருத்துங்கள்’ என்று கேளுங்கள். அந்தக் கோரிக்கை எழுந்தது இந்த ஆண்டு. பழைய பிடித்தங்கள் அந்த எண் எப்படி உருவானது என்பதைக் காட்டும் விவரங்களாக, கடிதத்தோடு இணைக்கும் அட்டவணையில் இருக்கட்டும்.

இனிக் கடன். ஸ்டேட்மென்டை எடுத்துத் தேதி வாரியாக மூன்று பகுதியாகப் பிரியுங்கள்.

2020 மார்ச் 1 முதல் ஆகஸ்ட் 31 வரை ரிசர்வ் வங்கி அனுமதித்த தவணை ஒத்திவைப்புக் காலம். 2021 மார்ச் 23 அன்று உச்ச நீதிமன்றம், அந்தக் காலத்துக்கு வட்டிக்கு வட்டியோ தண்ட வட்டியோ வசூலிக்கக் கூடாது, வசூலித்திருந்தால் திருப்பித் தரவோ அடுத்த தவணையில் கழிக்கவோ வேண்டும் என்று தீர்ப்பளித்தது. அதைச் செயல்படுத்துமாறு 2021 ஏப்ரல் 7இல் ரிசர்வ் வங்கி எல்லாக் கடன் நிறுவனங்களுக்கும் எழுதியது. உங்கள் கணக்கில் 2020 ஏப்ரல் முதல் ஆகஸ்ட் வரை ஐந்து முறை 590 ரூபாய், மொத்தம் 2,950 ரூபாய் எழுதியிருக்கிறார்கள். ஒத்திவைப்பு உங்களுக்கு வழங்கப்பட்டிருந்தால், கேட்கவே கூடாத தவணை எப்படித் திரும்பும்? வழங்கப்படவில்லை என்று அவர்கள் சொன்னால், ஏன் வழங்கவில்லை, உங்களிடம் எப்போது கேட்டார்கள் என்று அவர்கள்தான் காட்ட வேண்டும். உங்கள் அசல் பாக்கி அப்போது சுமார் 66,700 ரூபாய் இருந்திருக்கும். அதற்கு ஆறு மாத வட்டிக்கு வட்டி சுமார் 160 ரூபாய்தான் வரும். சிறிய தொகை. ஆனால் அந்த வரவுப் பதிவு உங்கள் ஸ்டேட்மென்டில் இருக்கிறதா என்று கட்டாயம் பாருங்கள். இல்லையென்றால், தீர்ப்பை உங்கள் கணக்கில் செயல்படுத்தவே இல்லை என்பதற்கு அதுவே ஆவணம்.

இரண்டாவது பகுதி, 2020 செப்டம்பர் முதல் 2022 பிப்ரவரி வரை. உங்களுக்கு மீதி இருந்தவை பதினெட்டுத் தவணைகள். ஒத்திவைப்பைக் கழித்து எண்ணினால் அவை இந்தப் பதினெட்டு மாதங்களில் முடிகின்றன. இந்தக் காலத்துக் கட்டணங்களை முழுவதும் எதிர்ப்பது கடினம். ஒப்பந்தத்தில் எழுதிய தொகைக்கு மேல் போயிருக்கிறதா, நீங்கள் ரொக்கமாகக் கட்டிய மாதங்களிலும் கட்டணம் போட்டிருக்கிறார்களா என்று மட்டும் பாருங்கள்.

மூன்றாவது பகுதியில்தான் நீங்கள் அழுத்திக் கேட்க வேண்டும். 2022 மார்ச் முதல் 2023 மே வரை 15 முறை, 8,850 ரூபாய். தவணைகளே முடிந்துபோன பிறகு எந்தத் தவணை திரும்பியது? ‘ஒவ்வொரு 590 ரூபாயும் எத்தனையாவது தவணைக்கானது என்று எழுதிக் கொடுங்கள்’ என்று ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். பல வழக்குகளில் இந்தக் கேள்விக்குப் பிறகுதான் பேச்சு மாறியிருக்கிறது.

தண்ட வட்டி பற்றியும் சொல்லிவிடுகிறேன். ரிசர்வ் வங்கியின் 2023 ஆகஸ்ட் 18 சுற்றறிக்கையின்படி, தவறிய தவணைக்குத் தண்ட வட்டி என்று வட்டி விகிதத்தைக் கூட்டக் கூடாது. நியாயமான தண்டக் கட்டணம் மட்டுமே போடலாம், அந்தக் கட்டணத்தின்மீது மேலும் வட்டி போடக் கூடாது. பழைய கடன்களையும் 2024 ஜூன் 30க்குள் இந்த முறைக்கு மாற்றியிருக்க வேண்டும். அதற்குப் பிறகான தேதிகளில் உங்கள் கணக்கில் தண்ட வட்டி ஏறியிருந்தால் தனியாக வட்டமிட்டுக் காட்டுங்கள்.

இப்போது எச்சரிக்கை. கடிதத்தில் ‘நான் உங்களுக்கு 1,36,000 ரூபாய் தர வேண்டியிருக்கிறது, ஆனால்...’ என்று தொடங்காதீர்கள். கையெழுத்திட்டு அப்படி எழுதுவது, காலவரையறைச் சட்டத்தின் 18ஆம் பிரிவின்படி கடனை ஒப்புக்கொண்டதாகக் கருதப்பட்டு, வங்கி வழக்குப் போடுவதற்கான மூன்றாண்டு அவகாசம் புதிதாகத் தொடங்கலாம். 19ஆம் பிரிவின்படி ஒரு பகுதித் தொகையைக் கட்டுவதற்கும் அதே விளைவு உண்டு. வசூல் முகவர்கள் ‘ஐந்நூறாவது கட்டுங்கள்’ என்று வற்புறுத்துவதற்கு அதுவும் ஒரு காரணம். கடனைத் தட்டிக்கழிக்கச் சொல்வதாக இதைக் கொள்ள வேண்டாம். சரியான தொகை எவ்வளவு என்று தெரியாமல், தவறான தொகையை ஒப்புக்கொண்டு எழுதிக் கொடுக்க வேண்டாம் என்றே சொல்கிறேன். ‘தங்கள் ஸ்டேட்மென்டில் காணும் கீழ்க்கண்ட பதிவுகளை மறுக்கிறேன், என் உரிமைகளுக்குப் பாதகமின்றி இக்கடிதம் எழுதப்படுகிறது’ என்று தொடங்குங்கள்.

லோக் அதாலத் (மக்கள் நீதிமன்றம்) அறிவிப்பு வந்தால் போகலாம், ஆனால் கட்டணங்களைக் கழித்த பிறகான தொகையில் பேசுங்கள். அங்கே கையெழுத்துப் போட்ட தீர்வுக்கு மேல்முறையீடு கிடையாது. பெண் என்பதால் வருமான வரம்பு பார்க்காமலே உங்களுக்கு இலவசச் சட்ட உதவி உண்டு; 15100 என்ற எண்ணில் கேட்கலாம். ஆனால் குறைதீர்ப்பாளரிடம் செல்லும் புகாரை வழக்கறிஞர் மூலமாகக் கொடுக்கக் கூடாது என்பது அந்தத் திட்டத்தின் விதி. அதை நீங்களே உங்கள் பெயரில் கொடுங்கள்.

தண்டையார்பேட்டைவாசி

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. நேற்று இரவு ஸ்டேட்மென்டை விரித்து வைத்து, சொன்னபடி தேதி வாரியாகப் பிரித்தேன். நான் ரொக்கமாகப் பணம் கட்டிய மாதங்களில் நான்கில் கட்டணமும் இருக்கிறது. ஒத்திவைப்புக் கால வரவு எதுவும் என் கண்ணில் படவில்லை. தண்ட வட்டி 2025 மார்ச் வரை ஏறியிருக்கிறது.

இரண்டு சந்தேகங்கள். சேமிப்புக் கணக்குப் பிரச்சினை தீரும் முன்பே எண்ணூர் சம்பளம் அதில் வந்தால் 4,528 ரூபாயை எடுத்துக்கொள்வார்களா? அம்மாவுக்கு மகளிர் உரிமைத் தொகை 1,000 ரூபாய் வருவதும் அதே கிளையில்தான். என் பாக்கிக்காக அம்மாவின் பணத்தைப் பிடிப்பார்களா என்று அவர் பயப்படுகிறார்.

பெரம்பூர் பேரேடு

அம்மாவிடம் நிம்மதியாக இருக்கச் சொல்லுங்கள். உங்கள் பாக்கிக்கு அவர் தனிக் கணக்கைத் தொட எந்த வங்கிக்கும் உரிமை இல்லை. கூட்டுக் கணக்காக உங்கள் பெயரும் அதில் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். 2023 செப்டம்பரில் உரிமைத் தொகை தொடங்கியபோது, சில கணக்குகளில் குறைந்தபட்ச இருப்புக்காக அந்த ஆயிரத்தைப் பிடித்ததாகப் புகார் எழுந்தது. அப்படிப் பிடிக்கக் கூடாது என்று அப்போது தமிழக நிதியமைச்சராக இருந்த தங்கம் தென்னரசு அறிவித்தார். அப்படி எதுவும் நடந்தால் 1100 என்ற முதல்வர் உதவி எண்ணிலும் புகார் சொல்லலாம்.

உங்கள் சம்பளத்தைப் பொறுத்தவரை பயம் நியாயமானது. வரவு வைத்த நொடியே கழித்தல் இருப்பு தானாக நேராகிவிடும், காசிமேட்டு நண்பருக்கு நடந்தது அதுதான். ஆகவே திருத்தம் முடியும்வரை அந்தக் கணக்கு எண்ணை நிறுவனத்துக்குக் கொடுக்காதீர்கள். குறைந்தபட்ச இருப்பு தேவைப்படாத அடிப்படைச் சேமிப்புக் கணக்கை வேறு வங்கியில் தொடங்கி, ஓரிரு மாதம் அதில் சம்பளம் வாங்க முடியுமா என்று மனிதவளப் பிரிவில் கேளுங்கள். இந்த வகைக் கணக்கை எல்லா வங்கிகளும் தர வேண்டும் என்பது 2012 முதல் இருக்கும் விதி.

காசிமேட்டுக்காரன்

கடிதத்தின் நகலில் ‘பெற்றுக்கொண்டேன்’ என்று தேதியோடு சீல் வாங்க மறக்காதீர்கள் அக்கா. முப்பது நாள் எண்ணுவது அந்தத் தேதியில் இருந்துதான். திங்கட்கிழமையும் மாதத்தின் முதல் வாரமும் வேண்டாம், கூட்டத்தில் யாரும் காது கொடுத்துக் கேட்க மாட்டார்கள்.

தண்டையார்பேட்டைவாசி

நடந்ததை எழுதிவிடுகிறேன். புதன்கிழமை காலை பத்தரைக்குத் திருவொற்றியூர் நெடுஞ்சாலைக் கிளைக்குச் சென்று மேலாளரையே பார்த்தேன். கடிதம் ஒன்றரைப் பக்கம், அட்டவணை ஒரு பக்கம். 22 பிடித்தங்களையும் தேதியோடு எழுதி, 2022 மார்ச் 31க்கு மேல் ஒரு கோடு போட்டிருந்தேன். அவர் அந்தக் கோட்டுக்குக் கீழே உள்ளதை மட்டும் இரண்டு முறை படித்தார். ‘இந்தப் பதினைந்தும் வட்டார அலுவலகத்துக்குப் போகும், நான் பரிந்துரைத்து அனுப்புகிறேன், மேலே உள்ள ஏழு பிடித்தங்களைப் பற்றி எழுத்தில் பதில் வரும்’ என்றார். நகலில் சீலும் தேதியும் போட்டுக் கொடுத்தார். கோபமாகப் பேச வேண்டியிருக்கும் என்று நினைத்துப் போனேன், தேவைப்படவில்லை.

பழைய வண்ணாரப்பேட்டை வங்கியில் கடிதத்தை வாங்க மறுத்துவிட்டார்கள். அங்கிருந்து நேராக அஞ்சலகத்துக்குப் போய் விரைவு அஞ்சலில் அனுப்பிவிட்டேன். வசூல் பிரிவில் இருந்து மறுநாளே தொலைபேசி வந்தது. இந்த மாதத்துக்கு 1,000 ரூபாய் கட்டினால் பேசிக்கொள்ளலாம் என்றார்கள். கடிதத்துக்கு எழுத்தில் பதில் வந்த பிறகு பேசுகிறேன் என்று சொல்லி வைத்துவிட்டேன். முப்பது நாள் முடிந்ததும் இரண்டு வங்கிகளின் பதிலையும் இதே இடத்தில் பதிவிடுகிறேன்.